அண்ணம் ஆறட்டும், அளவு அப்புறம் எடுக்கலாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதம் முன்பு மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழு பல் செட் கட்டினோம். மேல் செட்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். பொக்கை வாயோடு பேரப்பிள்ளைகள் முன்னால் இருக்கக் கூச்சம், தூங்குவதும் அதோடுதான். கீழ் செட் ஆடுகிறது என்று சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நேரம் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைக்கிறார். இரண்டையும் பல்பொடி போட்டுத்தான் தேய்ப்பார். வெற்றிலைக் கறை போகவில்லை என்று போன வாரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். அதிலிருந்து மேல் செட்டும் சரியாக உட்காரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அண்ணம் செக்கச் செவேலென்று இருக்கிறது. வலி இல்லை என்கிறார். கடைவாயில் வெடிப்பும் உண்டு. புது செட் கட்டுவதா, ஒட்டும் பேஸ்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா? செட் கழுவும் மாத்திரை வாங்கினால் அப்பாவின் கம்பி வைத்த ஒற்றைப் பல் பிளேட்டையும் அதே டம்ளரில் போடலாமா? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் செட்டைப் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இப்போது அதற்கு அளவு எடுக்க விடாதீர்கள். அண்ணம் சிவந்து வீங்கியிருக்கும்போது எடுக்கும் அளவு, வீக்கத்தின் அளவு. வீக்கம் வடிந்ததும் அந்தப் புது செட்டும் ஆடும். கொடுத்த பணம் வீண். முதலில் அண்ணம் ஆற வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

அந்தச் சிவப்பு பெரும்பாலும் காளான் தொற்று. கேண்டிடா என்ற காளான் நம்மில் பலருடைய வாயில் சாதாரணமாகவே இருப்பதுதான். எச்சில் ஓட்டமும் நாக்கின் உரசலும் அதை அடக்கி வைத்திருக்கும். மேல் செட் அண்ணத்தை முழுசாக மூடிவிடுவதால் அந்த இடத்துக்கு எச்சிலும் போகாது, நாக்கும் படாது. அதிலும் தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காளானுக்கு இன்னும் வசதி. செட் செய்யும் அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அவற்றில் புகுந்துகொள்ளும். அதனால்தான் வாய்க்கு மட்டும் மருந்து போட்டு, செட்டை அப்படியே மாட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. வலி இல்லாதது ஆச்சரியமும் இல்லை, ஆறுதலும் இல்லை. இந்தத் தொற்று பெரும்பாலும் வலிக்காது. செட்டின் வடிவத்திலேயே, அது முடியும் விளிம்போடு சிவப்பும் நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை.

கடைவாய் வெடிப்பும் இதே கதையின் தொடர்ச்சியாக இருக்கலாம். தாடை எலும்பு தேய்ந்து செட் கீழே இறங்கியதும் வாய் அளவுக்கு மீறி மூடுகிறது. உதட்டு ஓரத்தில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கி, அங்கும் காளான் சேர்கிறது. இரத்தசோகையும் அதே வெடிப்பைத் தரும் என்பதால், சர்க்கரை பார்க்கும் அன்று ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பல் மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். வழக்கமாக அண்ணத்தில் தடவும் க்ளோட்ரிமசோல் போன்ற காளான் மருந்து எழுதுவார்கள். செட்டைக் கழற்றிவிட்டுத்தான் தடவ வேண்டும். செட்டின் மேலேயே ஊற்றிக்கொண்டால் அண்ணத்துக்குப் போய்ச் சேராது. மூன்றாம் நாளே சிவப்பு குறைந்தாலும், சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. ஒரு எச்சரிக்கை: அம்மா இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மைக்கோனசோல் என்ற காளான் ஜெல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கும். வாயில் தடவுகிற ஜெல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

மருந்தைவிட முக்கியம், இந்த வாரங்களில் மேல் செட் வாயில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. சாப்பிட, வெளியே போக, யாராவது வரும்போது போடலாம். மற்ற நேரம் வெளியில். இரவு கண்டிப்பாக வெளியில். அம்மாவின் கூச்சம் பொய்யானதல்ல. அதைத் திட்டி மாற்ற முடியாது. எல்லோரும் படுத்து விளக்கணைத்த பிறகு கழற்றி, காலையில் குளியலறையில் மாட்டிக்கொண்டு வெளியே வரலாம். அதற்கும் மனம் வரவில்லையென்றால் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழற்றச் சொல்லுங்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். இரவையே வற்புறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. செட்டில் படிந்த கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குவதுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் வெட்கப்படும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சில சமயம் வேலை செய்யும்.

இனி கழுவும் விஷயம். முதலில் பல்பொடியை நிறுத்துங்கள். பல்பொடி, சாம்பல், உப்பு, கரி எல்லாமே அக்ரிலிக்கைச் சுரண்டும். நாம் தினம் பல் தேய்க்கும் பேஸ்டிலும் நுண்ணிய உராய்பொருள் இருக்கிறது. இயற்கைப் பல்லின் எனாமல் அதைத் தாங்கும், அக்ரிலிக் அதைவிட மிகவும் மென்மையானது. கீறல் விழுந்த இடத்தில்தான் கறையும் காளானும் பிடிக்கும். கறை போகவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அடுத்த மாதம் கறை கூடும். அம்மாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு, அல்லது கை கழுவும் மிதமான திரவ சோப்பு; மென்மையான பிரஷ்; கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். இவ்வளவுதான். செட்டுக்கென்றே இரண்டு பக்கமும் தூரிகை வைத்த பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். அதன் பெரிய பக்கம் வெளிப்புறத்துக்கு, சிறிய குறுகிய பக்கம் ஈறில் உட்காரும் குழிவான உள்பக்கத்துக்கு. எல்லோரும் வெளியே தெரியும் பற்களைத்தான் பளபளவென்று தேய்க்கிறார்கள். நோய் உட்கார்ந்திருப்பது உள்பக்கத்தில். கழுவி முடித்ததும் அங்கே விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வழுவழுப்பு இருந்தால் இன்னும் முடியவில்லை. பாசி பிடித்த தொட்டியைத் தடவிப் பார்ப்பது போலத்தான்.

வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி, அல்லது மடித்த துண்டை விரித்து, அதன் மேல் வைத்துக் கழுவட்டும். உடையும் செட்டுகளில் பல கை நழுவி பேசினில் விழுந்து உடைந்தவை. கீழ் செட் குதிரை லாடம் போன்ற வடிவம் என்பதால், இரு முனையையும் உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் நடுவில் முறியும். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துத் தேய்க்க வேண்டும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கழற்றி வெறும் தண்ணீரில் அலசினால் போதும். சோப்பும் பிரஷும் நாளுக்கு ஒரு முறை, இரவில். அப்போதே வாயையும் கவனிக்க வேண்டும். மிக மென்மையான பிரஷாலோ ஈரமான மல் துணியாலோ அண்ணம், மேல் கீழ் ஈறு மேடுகள், நாக்கு எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். பல்லே இல்லையே, எதைத் தேய்ப்பது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

செட் வெளியில் இருக்கும்போது தண்ணீரில் இருக்க வேண்டும். அக்ரிலிக் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள். காய்ந்தால் மெல்லச் சுருங்கி வடிவம் மாறும். அலமாரியில் கைக்குட்டைக்குள் கிடக்கும் கீழ் செட் மேலும் ஆடுவதற்கு அந்தக் கைக்குட்டைக்கும் பங்கு உண்டு. கைக்குட்டை, டிஷ்யூ இவற்றில் சுற்றி வைத்த செட்டுகள் குப்பைக்கும் சலவைக்கும் போய்விடுவது வேறு விஷயம். மூடியுள்ள ஒரு டப்பா, தினமும் மாற்றும் குடிநீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம், வெள்ளைப் படிவு விடும்.

கொதிநீர் பற்றி. அக்ரிலிக்கை லேபில் அச்சில் இட்டுச் சூட்டில் இறுக்கும்போது உள்ளே ஒருவித இழுவிசை அடைபட்டுப் போகிறது. மறுபடி கொதிசூடு பட்டால் அது அவிழ்ந்து செட் முறுக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்பது, ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே தாள்போன்ற எச்சில் படலம் இருக்கும் வரைதான். இடைவெளி சற்றே கூடினாலும் பிடிப்பு போய்விடும். முறுக்கிய செட்டை வளைத்து நேராக்க வழியில்லை. புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். கடைசி முடிவை மருத்துவர் வாயில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

கழுவும் மாத்திரை நல்ல பழக்கம், ஆனால் பிரஷுக்கு மாற்று அல்ல. பிரஷால் தேய்த்துவிட்டு, உறையில் சொன்ன அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, செட் முழுவதும் மூழ்கும்படி, சொன்ன நேரம் வைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொப்பளிக்கக் கூடாது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்ட பெரியவர்கள் உண்டு, ஆகவே சர்க்கரை மாத்திரை டப்பாவின் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். பெரும்பாலான மாத்திரைகளில் பெர்சல்ஃபேட் இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாமை தரும். போட ஆரம்பித்த பிறகு உதடு வீக்கம், அரிப்பு, மூச்சிரைப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காளான் இருக்கும் இந்த வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் வலுவான வழி ஒன்று உண்டு, பல் மருத்துவர் சம்மதித்தால். வாசனையும் சோப்பும் சேராத வீட்டு ப்ளீச், அதாவது 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. டம்ளர் கணக்கில் 20 மில்லி ப்ளீச்சுக்கு 200 மில்லி தண்ணீர். கழுவிய செட்டை அதில் பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, இரவு முழுக்க வெறும் தண்ணீரில் போட்டுவிட்டால் வாசனை போய்விடும். நேரம் கூடினால் ரோஸ் நிறம் வெளுக்கும். உலோகம் இருக்கும் செட்டுக்கும், உள்ளே மெத்தென்ற பூச்சு வைத்த செட்டுக்கும் இது கூடாது. ப்ளீச் என்றால் கழிப்பறை கழுவும் ஆசிட் அல்ல. பாட்டிலைப் படித்துப் பார்த்து எடுங்கள். வினிகருடனோ வேறெந்த அமிலத்துடனோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். டெட்டாலில் ஊறப்போடும் வழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. அது வாய்க்குள் போகும் பொருளுக்காகச் செய்ததல்ல, விட்டுவிடுங்கள்.

வெற்றிலைக் கறையை வீட்டில் விரட்டப் பார்க்காதீர்கள். பாக்கின் சிவப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டியாகப் படிவது சாதாரணக் கறையல்ல. ஆண்டுக்கு ஒரு முறை கிளினிக்கில் கொடுத்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, மெருகேற்றித் தருவார்கள். நடுவில் கீழ் செட்டின் முன்பற்களுக்குப் பின்னால், நாக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏடு கட்டினால் அது காரை. எச்சில் சுரப்பியின் வாய் அங்கே இருப்பதால் அந்த இடத்தில்தான் முதலில் கட்டும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, உலோகம் இல்லாத செட்டைக் கால் மணி நேரம் அதில் ஊறவைத்துப் பிரஷ் போட்டால் இளகும். கத்தி முனையால் சுரண்டக் கூடாது. வெற்றிலையைப் பற்றிச் செட்டை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பாக்கும் புகையிலையும் போடும் வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, புண்ணோ வந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், செட் உரசியதால்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் காட்டிவிட வேண்டும். இந்த அண்ணச் சிவப்பும் மருந்துக்கு அடங்காவிட்டால் அதே விதிதான்.

கீழ் செட்டுக்கு வருவோம். எல்லோருக்கும் கீழ் செட்டுதான் தகராறு. அது உட்காரும் ஈறு பரப்பு மேல் செட்டுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். நாக்கு வேறு ஓயாமல் தூக்கித் தள்ளும். பல் எடுத்த முதல் ஆண்டில் எலும்பு வேகமாகத் தேயும். அதன் பிறகும் நிற்காது, மெல்லத் தொடரும். கீழ்த் தாடையின் முன்பகுதி மேல் தாடையைப் போல நான்கு மடங்கு வரை தேய்வதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, எட்டாம் மாதம் கீழ் செட் ஆடுவது செய்தவரின் தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. செட் அப்படியே இருக்கிறது, அடியில் தரை இறங்கியிருக்கிறது. இதற்கு ரீலைன் என்ற வேலை உண்டு. செட்டின் உள்பக்கத்தில் புது அக்ரிலிக் ஏற்றி இப்போதைய ஈறுக்குப் பொருத்துவார்கள். புது செட்டைவிடச் செலவு குறைவு, லேபுக்குப் போனால் ஓரிரு நாள். கொதிநீரில் அதுவும் முறுக்கியிருந்தால் மட்டும் இது பயன்படாது. அதற்கு முன் ஈறு ஆறுவதற்காகத் தற்காலிகமாக மெத்தென்ற பூச்சு ஒன்று வைக்கலாம். அதைச் சில நாட்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பழசானால் அதுவே காளானுக்கு வீடாகிவிடும்.

போடாமல் அலமாரியில் வைத்திருந்தால் பழக்கமும் வராது. நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் பின்புறத்தைத் தொட்டபடி இருந்தால் செட் தங்கும். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டால் கிளம்பும். உணவை இரு பக்கமும் பிரித்து ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். முன்பல்லால் கடித்து இழுப்பது, முறுக்கு, கரும்பு, கொய்யா எல்லாம் செட்டைத் தூக்கிவிடும். கொய்யாவை நறுக்கி, விதையை நீக்கிக் கொடுங்கள். அந்த விதை ஒன்று செட்டுக்கு அடியில் போனால் பெரியவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. காபி, ரசம் இவற்றின் சூட்டைக் கையால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அண்ணம் மூடியிருப்பதால் சூடு தெரியாமல் தொண்டை வெந்துவிடும்.

புண் பட்ட இடத்துக்காகச் செட்டை நீங்களே பிளேடாலோ உப்புத்தாளாலோ ராவ வேண்டாம். கழற்றி வைத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து கொப்பளிக்கட்டும். மருத்துவரிடம் போகும் அன்று மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். உரசும் இடம் சிவந்து தெரிந்தால்தான் எங்கே ராவ வேண்டும் என்று அவருக்குப் புரியும்.

ஒட்டும் பேஸ்ட் இப்போது வேண்டாம். பொருந்தாத செட்டைப் பசை போட்டு ஒட்டினால் உரசல் நிற்காது, உணர்வுதான் மறையும். புது செட்டோ ரீலைனோ முடிந்த பிறகு, விருந்துக்குப் போகும்போது ஒரு தைரியத்துக்கு வேண்டுமானால் போடலாம். மேல் செட்டில் துவரம்பருப்பு அளவில் நான்கு புள்ளி, கீழ் செட்டில் மூன்று. ஓரத்தில் பிதுங்கினால் அதிகம் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறி வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது. அன்றன்று இரவு செட்டிலிருந்தும் ஈறிலிருந்தும் பசையை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.

இந்த இடைவெளியில் செட் கீழே விழுந்து உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். உடைந்த விளிம்பில் அது ஏறிவிட்டால் துண்டுகள் மறுபடி சரியாகப் பொருந்தாது. உங்கள் ஊரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செட் கட்டுவதற்கென்று தனித்துறை அங்கே உண்டு, ரீலைனும் பழுதும் பார்ப்பார்கள். கீழ் ஈறு மேடு மிகவும் தட்டையாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், முன்பக்கம் எலும்பில் பதிக்கும் திருகு போன்ற இம்ப்ளான்ட் இரண்டு வைத்து அதில் செட்டைப் பொத்தான் போல மாட்டும் முறையைப் பற்றியும் கேளுங்கள். 2002இல் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். செலவு கூடும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும்.

அப்பாவின் ஒற்றைப் பல் பிளேட்டை அம்மாவின் டம்ளரில் போடாதீர்கள். ஒருவர் வாயின் காளான் மற்றவர் பிளேட்டுக்குப் போகும். உலோகக் கம்பிக்கு எல்லா மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது. உலோகம் உள்ள பிளேட்டுக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருப்பதை வாங்கி, தனிக் கிண்ணத்தில், சொன்ன நிமிடங்கள் மட்டும் வையுங்கள். கம்பி பிடிக்கும் பக்கத்துப் பற்களில்தான் அழுக்குத் தங்கிச் சொத்தை விழும் என்பதால், பிளேட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பற்களை ஃப்ளூரைடு பேஸ்டால் தேய்க்கச் சொல்லுங்கள். மாட்டும்போது கடித்து உள்ளே தள்ளக் கூடாது, கம்பி வளைந்து தளர்ந்துவிடும்.

தளர்ந்த ஒற்றைப் பல் பிளேட்டோடு தூங்கவே கூடாது. முழு செட் பெரியது, தொண்டைக்குள் போவது அரிது. இது சின்னது, தூக்கத்தில் விழுங்கிவிடலாம். காலையில் பிளேட்டைக் காணோம், தொண்டை வலிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் மீன்முள்ளுக்குச் செய்வது போலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்துத் தள்ளிவிடப் பார்க்காதீர்கள். கம்பியின் கொக்கி உணவுக்குழாயைக் கிழிக்கும். எதுவும் சாப்பிடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். காணாமல் போனது பல் பிளேட் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, கம்பி மட்டும்தான் தெரியும். எதைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.